எஞ்சின் நின்ற பிறகு

ஆத்தூரிலிருந்து முக்காணிப் பக்கம் வந்து, தாமிரபரணிப் பாலத்தின் மேல் சற்று நின்று பார்ப்பவர்க்கு இரண்டு உலகங்கள் தென்படும். மேற்கே ஆறு தந்த பசுமை: வெற்றிலைக் கொடிக்கால், வாழை, நெல். கிழக்கே புன்னைக்காயலை நோக்கி அகன்று செல்லும் ஆற்றின் கழிமுகம், அதற்கப்பால் முத்துக்குளித்துறையின் கடல். அவ்விடத்தில் நாம் நின்றிருந்த ஒரு மாலையில், வானில் சிறு விமானமொன்று தாழ்வாக வடக்கு நோக்கிச் சென்றது. அதன் ஒலி ஒரே சீராய் வந்து, சிறிது தேய்ந்து, மீண்டும் எழுந்தது. காற்றின் மாற்றமே அதற்குக் காரணமாயிருக்கும். ஆயினும் அந்தச் சிறு இடைவெளியில் நம்முள் ஒரு கேள்வி எழுந்தது: அந்த ஒலி திரும்பி வராமலே போயிருந்தால்?

கடற்கரை மக்களாகிய நமக்கு இது அயலான கேள்வியன்று. நடுக்கடலில் வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோவது என்னவென்று நம் வீடுகள் அறியும். கரையில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்த இரவுகளை நம் தாய்மார் மறப்பதில்லை. ஆயினும் படகு மிதக்கும், நங்கூரம் இருக்கும், பாய் விரிக்கலாம், மற்றொரு வள்ளம் வரும்வரை செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருக்கலாம். வானில் நங்கூரம் இல்லை. எஞ்சின் நின்ற விமானம் இறங்கியே தீரவேண்டும். எங்கே, எவ்வாறு என்பது மட்டுமே விமானியின் கையில் எஞ்சியிருக்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடலாம். எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்று நம்மிற் பலர் நினைக்கின்றோம். அது உண்மையன்று. இறக்கையைத் தாங்குவது எஞ்சின் அன்று, ஓடும் காற்றே. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொண்டால், பருந்தைப்போல் அது சறுக்கிச் செல்லும். பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் மிகுதியாகப் பறக்கும் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானம், ஆயிரம் மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவு செல்லக்கூடியது. மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சறுக்கல் நிகழும். மூவாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், நிலத்தைத் தொடுவதற்கு நான்கு நிமிடங்கள் போலக் கிடைக்கும். மூன்று முறை விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கும் நேரம்தான். அதற்குள் ஒரு மனிதன் தன் கீழே விரிந்துள்ள நாட்டை முழுதும் படித்துவிட வேண்டும்.

அந்த விமானியின் கண்களால் நம் ஆத்தூரை ஒருமுறை பார்ப்போம். நாம் பிறந்து வளர்ந்த மண்ணையே புதிதாகக் காட்டும் பார்வை அது. கொடிக்கால் மேலிருந்து காண்பதற்குப் பச்சைக் கம்பளம் போலிருக்கும். ஆனால் வெற்றிலைக்கொடி படர்வதற்காக நெருங்க நட்ட அகத்தி மரங்கள் அதனுள் மறைந்துள்ளன. வாழைத்தோட்டம் அதைவிட ஓரளவு மேல்; தண்டு மென்மையானது, மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் அதில் இறங்குபவன் வேறு வழியற்றவனாகவே இருப்பான். அறுவடை முடிந்து காய்ந்த நெல்வயல் நல்ல இடம். நாற்று நட்டு நீர் நிற்கும் வயலில் சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாய்க் கவிழும். வயல் எத்தனை பெரியதாயினும் வரப்புகள் அதைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன.

பழையகாயல் பக்கத்து உப்பளங்கள் வெண்மையாய், சமதளமாய், விமான நிலையமே போல் ஏமாற்றும். பாத்தியின் அடியில் சேறு. பாத்திக்குப் பாத்தி வரப்பு. திருச்செந்தூருக்கு அப்பாலுள்ள தேரிக்காடோ செம்மணல் குவியல். பனையும் முள்மரமும் இடையிடையே நிற்க, பொதுபொதுவென்ற மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சியது கடற்கரை. அலை நனைத்துச் சென்ற ஈரமணல் இறுகியிருக்கும். அதில் சைக்கிளே ஓட்டலாம். ஆனால் மன்னார் வளைகுடாவில் நீர் ஏறி வற்றும் அளவு மிகக் குறைவு. ஆதலால் அந்த இறுகிய மணல் ஒரு குறுகிய நாடாவாகவே கிடைக்கும். மேலும் நம் கரை வடக்குத் தெற்காகச் செல்வது. ஆனி ஆடியில் வீசும் கச்சானோ மேற்கிலிருந்து வருவது. காற்றை எதிர்கொண்டு இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும். பக்கவாட்டுக் காற்றில் இறங்குபவனைக் காற்று கடலை நோக்கித் தள்ளும். பனையோலை எப்பக்கம் சாய்கின்றது, சூளைப்புகை எப்பக்கம் போகின்றது என்பதையெல்லாம் அவன் அந்த நான்கு நிமிடங்களில் கவனித்தாக வேண்டும். நம் மீனவர் பார்க்கும் அதே அடையாளங்கள்தாம்.

எஞ்சின் நின்று கடலில் இறங்கிய முதல் விமானியென வரலாறு கூறுபவர் ஹியூபர்ட் லாத்தம் என்ற பிரெஞ்சு இளைஞர். 1909 ஜூலை 19 அன்று ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாகக் கடந்துவிட வேண்டுமென்று பிரான்சின் கரையிலிருந்து ஆன்ட்வானெத் என்ற ஒற்றை இறக்கை விமானத்தில் கிளம்பினார். கால்வாயின் பாதிவழியைக்கூட எட்டுமுன் எஞ்சின் ஓய்ந்தது. அவர் பதறாமல் சறுக்கி, அமைதியான நீர்ப்பரப்பின் மேல் விமானத்தை மெல்ல வைத்தார். அது மிதந்தது. பிரெஞ்சுப் போர்க்கப்பல் அருகே வந்தபோது, அவர் கால்கள் நனையாதபடி தூக்கி வைத்துக்கொண்டு சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தாராம். ஆறு நாள் கழித்து, ஜூலை 25 அன்று, லூயி பிளேரியோ அக்கால்வாயைக் கடந்து உலகப்புகழ் பெற்றார். பிளேரியோவின் எஞ்சினும் வழியில் சூடேறியதென்றும், நல்லவேளையாக ஒரு மழைத்தூறல் அதைக் குளிரவைத்ததென்றும் சொல்லப்படுகிறது. ஒருவருக்கு மழை வந்தது, மற்றவருக்கு வரவில்லை. வரலாற்று நூல்கள் பிளேரியோவுக்குத் தரும் இடத்தில் பாதியை லாத்தத்துக்குத் தருவதில்லை. ஆயினும், தோற்றபின் ஒரு மனிதன் எப்படி இறங்க வேண்டும் என்பதை முதலில் காட்டியவர் லாத்தமே என்று நாம் கருதுகின்றோம்.

எஞ்சின் ஏன் நிற்கின்றது? சிறு விமானங்களின் எஞ்சினை அமைத்தவர்கள் இந்தக் கேள்வியை மறக்காமல்தான் அமைத்தார்கள். அதில் மின்பொறி தரும் மாக்னெட்டோ ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் பிளக் இரண்டு. மாக்னெட்டோவுக்கு மின்கலத்தின் தயவு வேண்டாம்; எஞ்சின் சுழலும்வரை தானே மின்பொறி உண்டாக்கும். ஒரு தொகுதி பழுதானால் மற்றது காப்பாற்றும். எனவே இரும்பு உடைந்து நிற்பதைவிட, எரிபொருள் போய்ச் சேராமல் நிற்பதே அடிக்கடி நேர்கின்றது. தொட்டியில் பெட்ரோல் தீர்ந்துபோவது. ஒரு தொட்டியில் இருக்கும்போதே மற்றொரு வெறுந்தொட்டியின் பக்கம் குழாய் திரும்பியிருப்பது. இரவுக் குளிரில் தொட்டிக்குள் வியர்த்த நீர் பெட்ரோலோடு கலந்து அடியில் தங்கியிருப்பது. இக்காரணத்தால்தான் புறப்படுமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குழலில் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கின்றனர். நீர் அடியில் குமிழாய்த் தனித்து நிற்கும். பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் சோம்பலால் விட்டவர்கள் உண்டு.

நம் வாசகர்கள் நம்பத் தயங்கும் ஒரு காரணமும் உண்டு: பனிக்கட்டி. வெயில் காயும் தூத்துக்குடிக் கரையிலா பனிக்கட்டி என்று கேட்கலாம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தினுள் காற்று விரைந்து செல்லும்போதும், அங்கே பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை இருபது பாகைக்கு மேலும் சரியும். வெளியே இருபத்தைந்து பாகையும் ஈரம் செறிந்த கடற்காற்றும் இருந்தால் போதும். உள்ளே பனிக்கட்டி படிந்து, எஞ்சினின் மூச்சுக்குழல் மெல்ல மெல்ல அடைபடும். ஈரக்காற்றுள்ள வெப்பநாடுகளில் இது எதிர்பாராத எதிரி. எஞ்சினின் சூட்டிலிருந்து வெப்பக்காற்றை அதனுள் செலுத்தும் ஒரு கைப்பிடி அதற்காகவே வைக்கப்பட்டிருக்கின்றது. அதை இழுக்கும்போது பனி உருகி நீராய் உள்ளே சென்று எஞ்சின் முதலில் இன்னும் மோசமாய் இருமும். அஞ்சிக் கையை எடுத்துவிடுபவன் கெட்டான், பொறுத்திருப்பவன் பிழைத்தான்.

மற்றொரு கண்டிப்பான விதியும் விமானப் பள்ளிகளில் உண்டு. ஓடுதளத்தை விட்டெழுந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், திரும்பி வராதே. நேர் எதிரே உள்ளதில் இறங்கு. முதுகுக்குப் பின்னால் நல்ல ஓடுதளம் கிடக்கும்போது முன்னால் உள்ள கரம்பிலும் முள்காட்டிலும் இறங்கச் சொல்வது மனித இயல்புக்கு மாறானதாகத் தோன்றும். கணக்கு அப்படித்தான் இருக்கின்றது. இறக்கையை 45 பாகை சாய்த்துத் திரும்பினால், விமானத்தைத் தாங்கத் தேவையான குறைந்த வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். 60 பாகை சாய்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு கூடும். உயரமோ குறைந்துகொண்டே வருகின்றது. நடுவழியில் இறக்கை காற்றை இழந்துவிட்டால் அப்போதுதான் அது உண்மையாகவே கல்லைப்போல் விழும். நேரே இறங்குபவன் விமானத்தை இழக்கலாம். உயிர் பெரும்பாலும் நிற்கும். மோதும் வேகத்தைப் பாதியாக்கினால் மோதலின் வலிமை நான்கில் ஒன்றாகும் என்பது இயற்பியல். விமானத்தைக் காப்பாற்ற நினைத்தவர்களே அதிகம் மாண்டார்கள்.

நம் முன்னோரின் முத்துக்குளிப்பிலும் இத்தகைய கணக்கு ஒன்று இருந்தது. கல்லைக் காலில் கோத்துப் பல பாகம் ஆழத்திற்குச் செல்லும் குளியாளுக்கு ஒரு மூச்சே மூலதனம். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் அவன் அசைவுக்காகக் காத்திருப்பான். நல்ல சிப்பித்திட்டு கண்ணிற் பட்ட நேரத்தில் மூச்சு முட்டத் தொடங்கினால், இன்னும் இரண்டு சிப்பி என்று கை நீளும். கை நீண்டவர்களுள் சிலர் மேலே வரவில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. அதனால் இந்த அறிவு இன்று வயதான சிலரின் பேச்சில் மட்டும் வாழ்கின்றது.

நம் கடலின் மேல் சிறு விமானங்கள் வரத்தொடங்கியது 1930களில். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஆமதாபாத்தில் அந்த விமானத்திற்கான பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது என்பது அக்காலத்தை ஒரே படத்தில் காட்டுகின்றது. 1935 நவம்பர் 27 அன்று சென்னைப் பறக்கும் சங்கத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ, அதே வகை விமானத்தில் வந்து, கொழும்புக்கு அருகே புதிதாய் அமைந்த இரத்மலானைத் தளத்தில் முதலாவதாக இறங்கினார். 1938இல் டாட்டாவின் அஞ்சல் விமானங்கள் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை ஒழுங்காகச் செல்லத் தொடங்கின.

ஒரே எஞ்சினை நம்பிக் கடலைக் கடந்த பயணம் அது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேராகக் கோடு போட்டால் 270 கிலோமீட்டருக்கு மேல் கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மட்டுமே. அதிலும் வழிநெடுக மணல்திட்டுகள். நடுவிலே எஞ்சின் நின்றாலும் இருபுறமும் பதினைந்து கிலோமீட்டரில் நிலம். மேலே சொன்ன ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்குப்படி, 1,700 மீட்டர் உயரத்தில் செல்பவன் எங்கே எஞ்சின் நின்றாலும் ஏதோ ஒரு கரையைச் சேர்ந்துவிடலாம். இராமேசுவரத்துத் தோணிக்காரரும் மணல்திட்டுகளைத் தொட்டுத் தொட்டுத்தான் அக்கரை சேர்ந்தனர்.

அக்காலத்து நிகழ்ச்சிகளுள் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது 1930இல் நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என ஆகாகான் அறிவித்திருந்தார். மூவர் முயன்றனர். மன்மோகன் சிங் என்ற இளைஞர், ‘மிஸ் இண்டியா’ என்று பெயரிட்ட தம் சிறு விமானத்தில் புறப்பட்டு வழியில் கட்டாயமாக இறங்க நேர்ந்தும், மனம் தளராமல் மீண்டும் முயன்று கராச்சியை அடைந்தார். ஆனால் குறித்த ஒரு மாதக் கெடு கடந்துவிட்டதால் பரிசு கிட்டவில்லை. ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்தார். எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள அபூகீரில் டாட்டா இறங்கியபோது, எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே தேங்கி நிற்பதைக் கண்டார். போட்டியாளன், பேசாமல் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போயிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டாட்டா தம்மிடமிருந்த மாற்றுப் பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி நன்றியாகத் தம் உயிர்காப்பு அங்கியை அவரிடம் கொடுத்தார். மத்தியதரைக் கடல் டாட்டாவுக்கு இனிமேல்தான் இருந்தது. இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்தனர். சில மணி நேர வேறுபாட்டில் பரிசு ஆஸ்பிக்குச் சென்றது.

பின்னாளில் ஆஸ்பி இந்திய வான்படையின் தலைவராக 1960 முதல் 1964 வரை பணியாற்றினார். மன்மோகன் சிங் இரண்டாம் உலகப்போரில் கடல்விமானத்தின் தலைவராக இருந்து, 1942 மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியர் தாக்கியபோது உயிரிழந்தார். இவருடைய பெயரை நம் பிள்ளைகள் அறியாமலிருப்பது வருந்தத்தக்கது.

அதே 1930 மே மாதத்தில் ஆமி ஜான்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்துகொண்டிருந்தார். எதிர்க்காற்றில் எரிபொருள் குறைந்துபோக, ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். இறக்கை சேதமுற்றது, உள்ளூர்க் கைவினைஞர் அதைச் சரிசெய்தனர். அடுத்துப் பர்மாவில் இரங்கூனின் ஓடுதளத்தைத் தவறவிட்டு, இன்சீனில் ஒரு தொழிற்பள்ளியின் கால்பந்துத் திடலில் இறங்கிப் பள்ளத்தில் பாய்ந்தார். விசிறி உடைந்தது, இறக்கையின் துணி கிழிந்தது. முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியை வாங்கி அவ்வூரார் சட்டை தைத்து அணிந்திருந்தனர். அச்சட்டைகளைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். மே 24 அன்று அவர் டார்வினை அடைந்தார். உலகம் அவர் ஒருவரையே கொண்டாடியது. அந்தச் சட்டைக்காரர்களின் பெயர்களை எந்தப் பத்திரிகையும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

கட்டாய இறக்கத்தின் வரலாற்றில் இவர்களுக்குரிய இடம் தனியாக எழுதப்பட வேண்டும் என்பது நம் எண்ணம். வானிலிருந்து முன்னறிவிப்பின்றி ஒருவன் யாரோ ஒருவருடைய வயலில் வந்து விழுகின்றான். பயிர் நாசமாகின்றது. ஆனாலும் அவ்வயலின் சொந்தக்காரர் முதலில் ஓடிவருவது அவனைத் தூக்குவதற்கே. 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து வந்த பயிற்சி விமானமொன்று கோளாறு காரணமாகத் திருச்சிராப்பள்ளி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், நார்த்தாமலைக்கு அருகே இறங்கியது. பகல்நேரம், பேருந்தும் லாரியும் ஓடும் சாலை. உள்ளே இருந்த இருவரும் காயமின்றித் தப்பினர். சாலையில் சென்றவர்களுக்கும் தீங்கில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் வியந்தனர். நாம் அந்தச் சாலையை அறிவோம். இருபுறமும் கல்லும் குன்றும் புளியமரமும் உள்ள பகுதி. அங்கே சாலையைத் தேர்ந்தவருக்குத் தேர்வதற்கு வேறு அதிகம் இருந்திருக்காது.

வானூர்திகளில் பறப்போருக்கு லொரேட்டோ அன்னையைப் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920இல் அறிவித்தார் என்பதை வாசகர்கள் அறிவர். நாசரேத்தின் வீடு வான்வழியே இத்தாலிக்கு வந்து இறங்கியது என்ற பழம்பெரும் மரபே அதற்குக் காரணம். ஒரு வீடு பறந்தது என்பதைவிட, அது முன்பின் அறியாத ஓர் ஊரில் இறங்கியது என்பதும், அவ்வூரார் அதை ஏற்றுக் காத்தனர் என்பதுமே நமக்கு வியப்பளிக்கின்றது.

எம் உறவினருள் கடலோடியாயிருந்த முதியவர் ஒருவரிடம் இந்தச் செய்திகளையெல்லாம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். சறுக்கிச் செல்லும் கணக்கையும் திரும்பக்கூடாது என்ற விதியையும் கவனமாய்க் கேட்டார். எஞ்சின் பொருத்திய காலத்திலும் தம் வள்ளத்தில் பாயைச் சுருட்டி வைத்திருந்தவர் அவர். இளையோர் அதற்காக அவரைக் கேலி செய்ததுண்டு. ஒருமுறை கச்சான் ஓங்கி வீசிய நாளில் எஞ்சின் நின்றபோது, கயிற்றை இழுத்து இழுத்து அதை உயிர்ப்பிக்க முயன்ற மகனைத் தடுத்து, வலையை அறுத்துவிட்டுப் பாயை ஏற்றியவர். வலையின் கடனைத் தீர்க்க அக்குடும்பத்திற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்.

“அந்த டாட்டாவுக்குப் பிளக் கொடுத்தது பிறகு வருத்தமா இருந்ததாமா?”

பரிசு பெற்ற பையனைப் பற்றி அவர் பின்னாளிலும் மகிழ்ச்சியோடே பேசிவந்தார் என்று சொன்னோம். முதியவர் தலையசைத்துவிட்டு, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்தார்.